மேரியக்காவின் வாய்

கம்பத்தில் குமுளி போகும் சாலையோரம், ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் சலேத்துமேரியின் இட்லிக்கடை இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களும், அவர்களை ஏற்றிப்போகும் டிரைவர்களும் காலையில் வயிற்றை நிரப்பிக்கொள்வது அங்கேதான். இட்லி பூவாக இருக்கும், சட்னி கெட்டியாக இருக்கும். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது இட்லியுமில்லை, சட்னியுமில்லை. மேரியக்காவின் வாய். அம்மாடி, அது என்ன வாய்!

ஒரு கரண்டி சாம்பார் கூடக் கேட்டுவிட்டால் போச்சு. "ஏலே, உங்கப்பன் வீட்டுக் கேணியா இது, மொண்டு மொண்டு ஊத்த?" என்று ஆரம்பித்து, கேட்டவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து நடுரோட்டில் நிறுத்திவிடுவாள். நிறுத்திக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றியும் விடுவாள். அதனால் யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. "மேரியக்காகிட்ட நாலு வசவு வாங்காம மலையேறுனா வண்டியில பிரேக்கு பிடிக்க மாட்டேங்குது" என்பான் ஜீப் டிரைவர் வேல்பாண்டி. அவள் புருஷன் அந்தோணிக்கு மாவாட்டுகிற வேலை. அவருக்கும் சேர்த்து அவளே பேசித் தீர்த்துவிட்டதால், முப்பது வருஷமாக அந்த மனிதர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்பேர்ப்பட்டவள்தான் இந்த வருஷம் தவக்காலம் பிறந்த அன்று வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

காரணம், சாம்பல் புதன் காலைப் பூசையில் சாமியார் வைத்த பிரசங்கம். சாமியார் ஊருக்குப் புதுசு, மீசைகூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. அவர் கேட்டார்: "நாப்பது நாளைக்குக் கறியை விடுறோம், மீனை விடுறோம். அதனால கறிக்கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியும். சரி, உங்க பக்கத்துக் கடைக்காரருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, நீங்க கிறிஸ்துவோட ஆளுன்னு எதை வச்சுத் தெரியும்?"

சலேத்துமேரிக்குச் சுருக்கென்றது. எந்த இடத்தில் தைத்தது என்றும் அவளுக்குத் தெரியும். 'பக்கத்துக் கடை' என்ற இடத்தில்தான். ஆனால் முள் தைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் மருந்து தடவுவதில் மனிதப் பிறவிக்கு இணை உண்டா? அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, 'ஆண்டவரே, இந்த நாப்பது நாளும் ஒருத்தரையும் ஒரு சொல் திட்ட மாட்டேன்' என்று நேர்ந்துகொண்டு, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கடைக்கு வந்துவிட்டாள்.

முதல் சோதனை வாசலிலேயே காத்திருந்தது. வேல்பாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னக்கா, நெத்தியில துன்னூறு? குச்சனூருக்குப் போய்ட்டு வர்றியாக்கும்? சனி பிடிச்சிருக்கா?"

'சனி எனக்கெதுக்குடா, அதான் தெனமும் உன் உருவத்துல வந்து இட்லி கேக்குதே' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீக்குப் போடும் ஏலக்காய் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தப்பினாள். ஒரு காயை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, "இது எங்க கோயில்ல பூசுறது, வேலு. எங்களுக்கு நோம்பு ஆரம்பிச்சிருக்கு. உக்காந்து சாப்பிடு" என்றாள்.

வேல்பாண்டி உட்காரவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யுவராணியிடம் ஓடி, "அக்காவுக்கு உடம்புக்கு எதும் முடியலையா?" என்று கிசுகிசுத்தான். யுவராணி நாலு வருஷமாக அந்தக் கடையில் இட்லி ஊற்றுகிறவள், மேரியின் வசவுகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் ரம்ஜான் நோன்பும் பிறந்தது. கம்பத்தில் பாதிப்பேர் ஒரு நோன்பில், கொஞ்சம்பேர் இன்னொரு நோன்பில். மேரியக்காவோ ஏலக்காய் நோன்பில். சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியவனுக்கு ஒரு ஏலக்காய். தட்டிலேயே கை கழுவியவனுக்கு ஒன்று. 'சட்னி உப்புக் கரிக்குதே' என்று இரண்டு தட்டு காலி செய்தபிறகு சொன்னவனுக்கு மட்டும் இரண்டு. நாலாம் நாள் வேல்பாண்டி வண்டன்மேட்டிலிருந்து ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டு, "வச்சுக்க சேச்சி, நாப்பது நாளைக்குக் காணணும்ல" என்று மலையாளத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஊர் வாயும் சும்மா இருக்குமா? "வேதக்காரக நோம்பு வச்சா இம்புட்டு மாறிப்போவாகளா!" என்று தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மேரியின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. சாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்று நினைத்தாள். ஜீப் ஸ்டாண்டே பார்த்துச் சொல்கிறதே, இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. கடைக்கு இடதுபக்கம், ஒரே சுவருக்கு அந்தப்புறம் இருந்தது.

அங்கே மதீனாவின் தையற்கடை. பதினைந்து வருஷம் இருவரும் அக்கா தங்கையாகத்தான் இருந்தார்கள். மதீனா வீட்டு நோன்புக் கஞ்சி மேரிக்கு வரும், மேரி வீட்டுக் கிறிஸ்துமஸ் அதிரசம் மதீனாவுக்குப் போகும். மதீனாவின் ஒரே மகள் மிஸ்பா, 'பெரியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டு இந்தக் கடைக்குள் ஓடியாடி வளர்ந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பாத்திரம் கழுவிய தண்ணீர் தையற்கடை வாசலில் ஓடித் தைத்து வைத்திருந்த துணியை நனைத்துவிட்டது. மதீனா கேட்டாள். கேட்டது நியாயம். மேரி பதில் சொன்னாள். சொன்னது நியாயமில்லை. சொல்லுக்குச் சொல் ஏறி, கடைசியில் மேரி, "எம் பொழப்புல கை வைக்கிறேல்ல? உன் மக வயித்துல ஒண்ணு தங்குதான்னு நான் பாக்குறேன்டி" என்று கத்திவிட்டாள்.

மிஸ்பாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவள் உண்டாகியிருந்தது மேரிக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் அது கலைந்துபோனது.

அன்றிலிருந்து கஞ்சியும் இல்லை, அதிரசமும் இல்லை, பேச்சும் இல்லை. மதீனா சண்டைக்குக்கூட வரவில்லை. அதுதான் மேரியைக் கொன்றது. பாவசங்கீர்த்தனத்தில் அழுது சொன்னாள், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார் அப்போதிருந்த சாமியார். சாமியிடம் சொல்ல முடிந்ததே தவிர, சுவருக்கு அந்தப்பக்கம் போய்ச் சொல்ல முடியவில்லை. ஆயிரம் வசவு தெரிந்த வாய்க்கு 'தப்புப் பண்ணிட்டேன்' என்பது வரவில்லை. இப்போது மிஸ்பா மறுபடி உண்டாகி, ஏழாவது மாதம் தாய்வீடு வந்திருந்தாள். அதற்காகத்தான் மேரி தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, மதிய வியாபாரம் முடிந்து கடை காலியாக இருந்தபோது, யுவராணி கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"யக்கா, சொன்னா ஏலக்காய எடுத்து வாயில போட்டுக்கிறணும். சரியா?"

"சொல்லு."

"மதீனாக்கா மகளை இன்னைக்கு உத்தமபாளையத்துக்கு அனுப்புறாக. அவுக நாத்தனா வீட்டுக்கு. நாலு மணிக்கு ஆட்டோ வருது."

"ஏன்? பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே?"

யுவராணி தரையைப் பார்த்தாள். "உன்னைப் பயந்துதான். நீ திட்டாம இருக்கல்ல, அது நேத்திக்கடன்னு பேசிக்கிறாக. குடும்பம் அழியணும்னு கருமாரி கோயில்ல காசு வெட்டிப் போடுவாகள்ல, அது மாதிரி நீ அவுக மேல நாப்பது நாள் வாயைக் கட்டி விரதம் இருக்கியாம். தெனம் சாயங்காலம் போயி மெழுகுவத்தியத் தலைகீழா ஏத்துறியாம். சும்மா சொன்னதுக்கே போன தடவை அப்படி ஆச்சு, விரதமிருந்து சொன்னா எம்புள்ள என்னத்துக்காகும்னு அந்தக்கா அழுகுதாம்."

மேரிக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். 'நானா? நானாடி அப்படிச் செய்வேன்?' என்று எழுந்தேவிட்டாள். எழுந்த வேகத்தில் பதிலும் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஏன், செய்ய மாட்டாயா? சொன்ன வாய் உன் வாய்தானே? மூன்று வருஷத்தில் ஒருநாளாவது போய், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொன்னாயா? ஜீப் ஸ்டாண்டு முழுக்க நல்ல பேர். பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி பெட்டி கட்டுகிறாள்.

வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது.

மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். தையற்கடை வாசலில் மிஸ்பா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள், மதீனா பையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மேரி வருவதைக் கண்டதும் மதீனா மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். குஞ்சை மறைக்கும் கோழி மாதிரி அவள் நின்ற நிலையைப் பார்த்ததும், மேரி வழியெல்லாம் சேர்த்துவைத்து வந்த சொல் அத்தனையும் பறந்துபோயிற்று.

"மதீனா," என்றாள். "நான் விரதமெல்லாம் உம்மேல இருக்கல. என் வாய் மேலதான் இருக்கேன்."

மதீனா மகளை இன்னும் ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நிறுத்தினாள்.

"மெழுகுவத்தி ஏத்துறது நெசம். மிஸ்பாவுக்குத்தான் ஏத்துறேன். நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்னு ஏத்துறேன். நம்பலேன்னா கோயிலுக்கு வந்து பாரு, நேராத்தான் எரியுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு நான் சொன்னது பாவம். சாமிகிட்ட சொன்னேன், உங்கிட்டச் சொல்லல. தப்புப் பண்ணிட்டேன் மதீனா. என்னைத் திட்டு. மூணு வருசமா மனசுல வச்சிருக்கதை எல்லாம் சொல்லித் திட்டு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஜீப் ஸ்டாண்டில் அந்நேரம் நின்ற நாலைந்து பேரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மேரியக்கா நடுரோட்டில் தலைகுனிந்து நிற்பதை அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

ஏதோ சொல்ல வாயெடுத்த மதீனா, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நோம்பு வச்சிருக்கேன்," என்றாள் கடைசியில். "நோம்பாளி யாரையும் திட்டக் கூடாது. நோம்பு தொறந்த பொறகு வா. அப்பத் திட்டுறேன்."

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பொழுது மிஸ்பா ஆட்டோக்காரரைப் பார்த்து, "நீங்க போங்கண்ணே, நாளைக்குச் சொல்றோம்" என்றாள். "ஏ, மிஸ்பா!" என்று மதீனா அதட்டினாள். அவளோ, "நீ திட்டுறதைக் கேக்காம எப்பிடிம்மா போறது? நானும் மூணு வருசமாக் காத்திருக்கேன்ல" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தானே இறக்கினாள்.

நாலு மணிக்கும் ஆறரை மணிக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம்தான். மேரிக்கு அது நாற்பது நாளாக நீண்டது. வெள்ளிக்கிழமை ஆகையால் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் இருந்தது, போகவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட ஒருதரம் நினைத்தாள். மாவுப் பாத்திரத்தின் அருகில் உட்கார்ந்திருந்த அந்தோணியைப் பார்த்து, "நான் போகத்தான் வேணுமா?" என்று கேட்டாள்.

"போ," என்றார் அந்தோணி. "மூணு வருசமா இதைத்தான் சொல்லணும்னு பாத்தேன். நீ எடங்குடுக்கல."

பாங்கு சொல்லி நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில், மேரி ஒரு ஏலக்காயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு போய் நின்றாள். செய்தி எப்படித்தான் பரவியதோ, வேல்பாண்டி உட்பட ஏழெட்டு டிரைவர்கள் ஜீப்புகளில் சாய்ந்தபடி ஆகாயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதீனா தொழுதுவிட்டு வெளியே வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

திட்டினாள்.

"ஏன்க்கா, தண்ணிதானே ஓடுச்சு? தண்ணிக்காகவா எம் புள்ளையச் சொன்ன? என்னையச் சொல்லியிருக்கலாம்ல, எம் மெசினச் சொல்லியிருக்கலாம்ல? எல்லாம் அல்லாவோட நாட்டம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா பெத்த வயிறு கேக்குதா? ஆஸ்பத்திரியில இருந்து இவளக் கூட்டிட்டு வந்தப்ப நீ அந்தா, அங்கன நின்ன. நான் பாத்தேன். ஒரு எட்டு வந்தியா? வந்திருந்தா அடிச்சா போட்டிருப்பேன்? ஒத்தையில கெடந்து அழுதேன். எங்கண்ணீரத் தொடைக்க நீ வருவேன்னு பாத்தேன்க்கா. உம்மேலதான் கோவம், அதையும் உங்கிட்டதான் சொல்லி அழணும், நீயோ வரல. இவளுக்குச் சின்னதுல மஞ்சக்காமாலை வந்தப்ப வாய்க்கா வரப்பெல்லாம் கீழாநெல்லி தேடிப் பறிச்சு அரைச்சுக் குடுத்த கையி உன் கையி. அந்தக் கைக்காக ஊர்ல ஒருத்தர்கிட்டயும் உன்னையக் குறை சொல்லல. அந்த வாயைத்தான் மன்னிக்க முடியல. வாயா அது? நல்லவளுக்கு இப்படி ஒரு வாயா?"

மேரிக்குக் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் விழ விழ நெஞ்சில் ஏறியிருந்த பாரம் ஒவ்வொரு படியாக இறங்கியது. மூன்று வருஷமாகப் பேசாமையைத் தின்று கிடந்தவளுக்கு இந்த வசவு விருந்தாக இருந்தது. 'ஆண்டவரே, என்னைத் திட்ட ஒருத்தியைத் திருப்பித் தந்தீரே, உமக்குக் கோடி நன்றி' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இதுவரை அவள் செய்த ஜெபங்களிலேயே உருப்படியான ஜெபம் அதுதான்.

மதீனா மூச்சு வாங்க நிறுத்தினாள். அதற்குமேல் திட்ட அவளிடம் ஒன்றுமில்லை. அழுகைதான் மிச்சமிருந்தது, அதையும் அழுதாள்.

மிஸ்பா படியிறங்கி வந்து மேரியின் முன்னால் நின்றாள்.

"பெரியம்மா, அன்னைக்குச் சொன்னீகள்ல. அதே வாயால இன்னைக்கு ஒண்ணு சொல்லுங்க."

ஜீப்புகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஊரையே பேசித் தீர்த்த சலேத்துமேரி கன்னத்திலிருந்த ஏலக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மிஸ்பாவின் தலையில் மற்றக் கையை வைக்கப் போய், நிறுத்தி, மதீனாவைப் பார்த்தாள். மதீனா தலையசைத்தாள்.

"தங்கும் ஆத்தா," என்றாள் மேரி. "தங்கிப் பொறந்து வளரும். நான் பாக்கத்தான் போறேன்."

மிஸ்பா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். மதீனா உள்ளே போய், ஆவி பறக்க ஒரு டம்ளர் கஞ்சியோடு வந்து நீட்டினாள். மேரி வாங்கத் தயங்கினாள். அன்று தவக்கால வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் கஞ்சியில் கறி போட்டிருக்கும். இந்தக் கஞ்சியை மறுக்கவும் முடியாது, குடிக்கவும் கூடாது. ஆண்டவரே, இப்பொழுதா இந்தச் சோதனை?

"என்ன பாக்குற?" என்றாள் மதீனா. "வெள்ளிக்கெழமை நீ கறி திங்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? பள்ளிவாசல் கஞ்சி இல்ல இது. கறி போடாம நானே தனியாக் காச்சுனேன்."

"எப்பக் காச்சுன?"

"ஆட்டோ போனதுமே."

மேரி அந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்படியானால், தன்னைத் திட்டுவதற்கு முன்னாலேயே, தான் வருவாளா மாட்டாளா என்றுகூடத் தெரியாதபோதே, இவள் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். வெறும் வயிற்றோடு, ருசிகூடப் பார்க்க முடியாமல், தனக்காகத் தனிச்சட்டியில் காய்ச்சியிருக்கிறாள். மேரி நின்றபடியே குடித்தாள். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அதே பழைய ருசி. உப்பு கொஞ்சம் கூடத்தான். கண்ணீரும் சேர்ந்திருக்கும்.

குடித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலி டம்ளரை மறுபடி நீட்டினாள்.

மதீனா அதை வாங்கினாள். ஜீப் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி, "ஏன், உங்கப்பன் வீட்டுக் கேணியா இது, மொண்டு மொண்டு ஊத்த?" என்றாள். வேல்பாண்டி ஜீப்பின் மேல் தட்டிச் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். மதீனா உள்ளே போய் டம்ளர் வழிய வழிய ஊற்றிக்கொண்டு வந்தாள்.